நீல டப்பா, கறுப்பு டப்பா

“இன்னொரு டப்பாவைத் தொடாத. உன் கால்ல வேணா விழறேன்.”

பேக்கிங் அக்கா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். மேசையில் முதுகு கழற்றிய செல்போன் ஒன்று குப்புறக் கிடந்தது. பக்கத்தில் அது வந்த நீல டப்பா.

அந்தத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவள் வேலை. எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். இன்று மாதிரிக்கு எடுத்த போனை ஆட்டியபோது உள்ளே ஒரு திருகாணி கலகலத்தது. பிரித்துத் திருகாணியை எடுத்துவிட்டு மூடப் போனவளின் கண்ணில் மெமரி சிப்பின் மேலிருந்த எண் பட்டது. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். 512 ஜிபி.

நீல டப்பா என்றால் 128. கறுப்பு டப்பா என்றால்தான் 512. இரண்டிலும் அதே போன், அதே திரை, அதே கேமராதான். ஆனால் கறுப்பு டப்பாவுக்கு அவளுடைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு விலை கூடுதல்.

“ஏதோ ஒண்ணு மாறியிருக்கும். விடேன்” என்றாள் அக்கா. “128 வாங்கறவனுக்கு 512 கெடச்சா சண்டைக்கா வரப் போறான்? அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கிட்டுப் போறான்.”

“அப்போ இதுல வர வேண்டிய 128 யாருக்குப் போச்சுக்கா? ஒரு மாசச் சம்பளத்தைக் கூடப் போட்டு 512 வாங்கறாங்களே, அவங்களுக்குத்தானே?”

அக்காவின் பிடி இன்னும் இறுகியது. போன வருஷம் லேபிளை மாற்றி ஒட்டிய ஒருத்தியை, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

பூதக்கண்ணாடி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு இரண்டாவது நீல டப்பாவைப் பிரித்தாள். 512. மூன்றாவது. 512. ஐந்தாவது போனைக் கழற்றும்போது திருப்புளி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அதுவும் 512தான்.

ஸ்டோருக்குப் போன் போட்டாள். “காலையில லைனுக்கு எந்தச் சிப்பு குடுத்தீங்க?”

“எங்களுக்கு வர்றதே ஒரு ரகம்தான். வந்ததைக் குடுக்கறோம். உங்க தப்பை எங்க தலையில கட்டாதீங்க!” ஸ்டோர்காரர் பட்டென்று வைத்துவிட்டார்.

இந்த ஆள் எப்போதுமே இப்படித்தான் நழுவுவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வாசலில், இன்றைய கறுப்பு டப்பாக்கள் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.

“என்னை மன்னிச்சிடுக்கா.”

சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். லைன் மொத்தமும் நின்றது. நூற்றிருபது பேர் நிமிர்ந்து பார்க்க, தலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடி, கேட்டுக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றாள். டிரைவர் போட்ட பிரேக்கில் வண்டி ஒரு முழ தூரத்தில் நின்றது.

பத்தாவது நிமிஷம் அவள் மேனேஜர் அறையில் இருந்தாள். வெளியே அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

“லைனை நிறுத்தணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். தெரியுமா, தெரியாதா?” மேனேஜரின் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“தெரியும் சார். அதுக்குள்ள லாரி போயிடும்னு... பேக்கிங் ஆளுங்க மேல எந்தத் தப்பும் இல்ல சார். சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவ நான்தான்.”

அவர் லென்ஸை வாங்கினார். ஐந்து போன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கண்ணாடிக்குத் திரையும் இழுத்துவிட்டார்.

“இதை யார்கிட்டல்லாம் சொன்ன?”

“பேக்கிங் அக்காவுக்கு மட்டும் தெரியும் சார். ஸ்டோர்ல சிப்பைப் பத்திக் கேட்டேன். விஷயத்தைச் சொல்லல.”

மேனேஜர் தலையசைத்துவிட்டு மேசைப் போனை எடுத்தார். “லைனை ஓட்டுங்க. லாரியை அனுப்புங்க.”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. வேலை போனால் போகிறது என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

“சார், என்னை வேணா வீட்டுக்கு அனுப்புங்க. அந்த லாரியை அனுப்பாதீங்க. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வாங்கற ஜனங்க சார். அவங்க டப்பாக்குள்ள 128 போகுது!”

“போகாது.”

“ஒரு டப்பாவைக்கூடப் பிரிச்சுப் பாக்காம எப்படி சார் சொல்றீங்க?”

கழற்றிய போனின் முதுகை எடுத்துப் பொருத்தி, அது டிக்கென்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினார் மேனேஜர். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“128 சிப்புன்னு ஒண்ணை நாம வாங்கறதே இல்லம்மா. நீல டப்பா போன்ல மீதியைப் பூட்டி வைக்கறோம், அவ்வளவுதான்.”