ஏற்றிக் கேட்ட விலை

பைலட்டுக்குப் படித்த பையன் உயிருக்கு இருபது லட்சம் என்று தாளில் அச்சடித்தே கொண்டுவந்திருந்தார், விமானப் பயிற்சிப் பள்ளி மேலாளர் ரகுராமன். பயிற்சி விமானம் விழுந்ததில் மகனைப் பறிகொடுத்த நெசவாளி ஏகாம்பரம் பேனாவை எடுத்துவிட்டார்.

"கீழ வைப்பா!" என்றார் பக்கத்திலிருந்த பட்டுக்கடை ஜியாவுதீன். "முப்பது வருஷமா நான் சொன்ன விலைக்கே சேலையைக் குடுத்துக்கினு இருக்கிற. இதுக்குமா?"

"வேணாம் பாய். நீங்க பேசாதீங்க."

"சும்மா இருப்பா." மேலாளர் பக்கம் திரும்பினார். "பையன் கத்துக்கினு இருந்தவன், தப்புப் பண்ணத்தான் செய்வான். பக்கத்து சீட்டுல இன்ஸ்ட்ரக்டர் எதுக்கு சார்? விழாம புடிக்கத்தானே? அது உங்க ஆளு. அறுபது குடுங்க!"

இந்த ஆள் கடையில் சேலை மட்டும் வாங்கிவிடக் கூடாது என்று நினைத்தபடி, ரகுராமன் ஐம்பதுக்கு ஏறிவந்தார். 'விபத்துக்குக் காரணம் பயிற்சியாளரின் கவனக்குறைவு' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

"சாட்சிக் கையெழுத்து நீங்களே போடுங்க பாய்" என்றார் ரகுராமன்.

ஜியாவுதீன் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினார்.

ரகுராமனின் கண், தாளில் பயிற்சியாளர் விவரத்துக்குப் போனது. சானியா, தந்தை பெயர் ஜியாவுதீன். அதே விபத்தில் இறந்தவள்; அடுத்து ரகுராமன் தாளோடு போகவேண்டிய வீடு.

பையிலிருந்த இரண்டு பறப்புப் பதிவேடுகளையும் எடுத்து வைத்தார். பையன் கணக்கில் நாற்பத்தொரு மணி நேரம். பெண் கணக்கில் ஆயிரத்து இருநூறு. இருவரும் சேர்ந்து கடைசியாகப் பறந்த பதினெட்டு நிமிடம் இரண்டிலுமே ஏறவில்லை.