நல்ல தண்ணி

"இன்னொரு தடவை பார்த்துடுங்க சார்," என்றார் வீட்டுக்காரர்.

தண்ணீர் சோதிக்க வந்த நான் எரிச்சலை அடக்கிக்கொண்டேன். போர் குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீரை மோட்டார் போட்டு வெளியேற்றிவிட்டு, கருவியை மறுபடி இறக்கினேன். வெப்பநிலை இருபத்தேழு டிகிரியிலேயே அசையாமல் நின்றது. உப்பும் அளவோடுதான். போன வாரம் பாட்டிலில் எடுத்துப்போன தண்ணீரில் கிருமியே இல்லை என்று ஆய்வகத்திலும் சொல்லிவிட்டார்கள்.

"கவலைய விடுங்க. கண்ண மூடிக்கிட்டு குடிக்கலாம்." நானே குடித்துக் காட்ட ஒரு டம்ளர் பிடித்தேன்.

அவர் முகம் செத்துப்போனது. சமையலறை ஜன்னலைப் பார்த்தார்.

"மெதுவா பேசுங்க சார்."

"ஏன்? நல்ல சேதிதானே?"

"எங்க குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரி. அன்னிக்கு ராத்திரியே வயித்தால போய் செத்துட்டான். நான் போட்ட போர் தண்ணிதான் காரணம்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அத நம்பித்தான் சார் அவ எழுந்து நடமாடறா."

கதவு திறந்தது. அந்த அம்மா சொம்போடு வந்தார்.

"இது கடையில வாங்கின தண்ணி தம்பி, தைரியமா குடிங்க. எங்க தண்ணி எப்படி இருக்கு?"

டம்ளரில் இருந்ததைக் கீழே கொட்டினேன்.

"வாயில வைக்க முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு, சொம்பை வாங்கிக் குடித்தேன்.

அந்த அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். எரித்துவிடும் பார்வை.

அவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.