முதல் பாட்டுக்கு முந்தைய இருமல்

வெடியுப்பு ராக் குழுவின் முதல் ஆல்பம் ஓர் இருமலோடு தொடங்கும். டிரம்மர் ரூபனின் இருமல். அதை வெட்டிவிடலாம் என்றார் ஒலிப்பதிவாளர். "இருக்கட்டும், மிரட்டலா இருக்கு" என்றான் பாடகன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி மெர்லின் கெஞ்சியபோதெல்லாம் ரூபன், "ஆல்பம் முடியட்டும்டி" என்றான். ஆல்பம் வெளிவந்து ஊரே அதிர்ந்தபோது அவன் கல்லறையில் இருந்தான்.

அதற்குப் பிறகு ராக் வாசிக்க வந்த எவனும் இருமாமல் முதல் அடியை அடித்ததில்லை. கல்லூரிப் போட்டிகளில் பாட்டைவிட இருமலுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுக் கச்சேரிக்கு மெர்லினை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். விளக்குகள் அணைந்ததும் மைதானம் மொத்தமும் ஒரே நேரத்தில் இருமியது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நடுவில் உடைந்து, ஈரமாக முடியும் அதே இருமல். மாதக்கணக்கில் பக்கத்தில் படுத்து அவள் கேட்டது. அவள் கை தானாகப் பைக்குள் போய்த் தண்ணீர் பாட்டிலைத் தேடியது.

டிரம் முழங்க, இருமல் நின்றது. அவளுக்கு அடுத்த பின்வரிசையில் ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. "போதும்டா, பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்று நண்பர்கள் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். மெர்லின் எழுந்து அவனிடம் போனாள். பாட்டிலை நீட்டி, காதருகே குனிந்து கத்தினாள்.

"தம்பி, டாக்டர்கிட்ட காட்டுனியா?"

அவன் வாயைப் பொத்தியிருந்த கைக்குட்டையைச் சட்டென்று மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். கண்கள் மேடையை விட்டு அகலவில்லை.

"பாட்டு முடியட்டும் ஆன்ட்டி."