பதினான்காம் நபர் யார்?

"கதவைப் புடிங்க! சாத்திக்க விடாதீங்க!"

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் போட்ட சத்தத்தில் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். காற்றில் அறைந்து சாத்திக்கொள்ளப் போன கதவைத் தோளால் தடுத்தாள். முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கையிலிருந்த தன் ஆய்வேட்டையே கதவுக்கடியில் சொருகினாள்.

நானூறு பக்கம். ஐந்து வருட உழைப்பு. கடைசியில் ஒரு கதவை நிறுத்தவாவது உதவியதே!

"சாருக்குக் காத்து வேணுமாம், இல்லேன்னா மூச்சு முட்டுமாம்" என்று காதோரம் கிசுகிசுத்தார் அவளுடைய ஆய்வு நெறியாளர் மேடம். "எதிர்த்துப் பேசிடாதேடி. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் பட்டம். பட்டம் வந்தாத்தான் காலேஜ் வேலை. புரியுதா?"

அவளுக்குப் புரியாமலா? தேர்வாளருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயரே 'குண்டூசி'. சுதந்திரத்தைப் பற்றி ஐந்து தடித்த புத்தகங்கள் எழுதியவர். அத்தனையும் கோட்பாடு. தேடினாலும் அவற்றில் ஒரு மனிதனைப் பார்க்க முடியாது.

வாய்மொழித் தேர்வை வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் கலைந்து போயிருந்தார்கள். அறையில் மூன்றே பேர். குண்டூசி தன் பிரதியைப் புரட்டினார்.

"விசாரணையே இல்லாம ஜெயில்ல வெச்சிருந்த இருபது பேரைப் பேட்டி எடுத்திருக்கீங்க. சரி. அதுல ஒருத்தருக்குக் கூடவா பேர் கிடையாது? முதல் நபர், இரண்டாம் நபர்னு... இது ஆராய்ச்சியா, ஆஸ்பத்திரி டோக்கனா?"

"பேரை வெளியே சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தான் சார் பேட்டியே எடுத்தேன். எங்க முறை அதுதான்."

"முறை! இந்தப் பதினாலாவது ஆளை எடுத்துக்குங்க. வெளியே வந்து நாப்பது வருஷமாச்சு, அந்த அறை இன்னும் கூடவே வருதுங்கறார். அறை எப்படிம்மா கூட வரும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

"அவர் சொன்னதை அப்படியே எழுதினேன் சார்."

"அவர்னு ஒருத்தர் இருந்தாத்தானே! வீட்டுல உக்காந்து நீங்களே கட்டிவிட்ட கதைன்னு நான் சொல்றேன். இல்லேன்னா பேரைச் சொல்லுங்க. இப்பவே போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

"முடியாது சார்."

"உங்க மேடத்துக்காவது தெரியுமா?"

"எங்கே சார்!" மேடம் பொரிந்தார். "அஞ்சு வருஷமா நானும் கேட்டுப் பார்த்துட்டேன். கல்லுளிமங்கி! ஏண்டி, சார் என்ன ஊரெல்லாம் தண்டோரா போடவா போறார்? ஒரே ஒரு பேர். சொல்லித் தொலையேன்!"

"மேடமே சொல்றாங்க பாருங்க." குண்டூசி பேனாவை எடுத்தார். மேஜைமேல் அவருடைய பரிந்துரைப் படிவம். "ஏத்துக்கறேன், நிராகரிக்கிறேன். ரெண்டு கட்டம்தான். எதுல டிக் போடறதுங்கறது இனிமே உங்க கையிலே."

வராந்தாவில் அவள் கணவன் இருப்புக் கொள்ளாமல் நடப்பது திறந்த கதவு வழியே தெரிந்தது. புது வேலைக்காகப் புது ஊரில் வீடுகூடப் பார்த்தாகிவிட்டது.

அவள் எழுந்து நின்றாள்.

"நிராகரிச்சுடுங்க சார்."

"அடிப் பாவி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மேடம்.

"அவர் உள்ளே இருந்தது அவர் சம்சாரத்துக்கே தெரியாது சார். பிள்ளைங்களுக்கும் தெரியாது. நான் இப்ப வாயைத் திறந்தா, அப்புறம் மனித உரிமைன்னு நானூறு பக்கம் எழுதினதுல என்ன அர்த்தம்?"

குண்டூசியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"வீட்டுக்கே தெரியாததை உங்ககிட்ட மட்டும் ஏன் சொன்னார்?"

"யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்திருக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நம்பினார். அவ்வளவுதான் சார்."

குண்டூசி தொண்டையைச் செருமினார்.

"மேடம், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். போகிற போக்கில் அவளைப் பார்த்த பார்வையில், 'உன் தலைவிதி' என்பது எழுதாத குறையாகத் தெரிந்தது.

குண்டூசி குனிந்து டிக் போட்டார். கையெழுத்திட்டார். படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். பார்க்கவே பயந்து பார்த்தாள்.

ஏத்துக்கறேன்!

"சார்..."

"பேரைச் சொல்லியிருந்தீங்கன்னா, அடுத்த கட்டத்துல டிக் போட்டுட்டு அடுத்த ரயிலைப் பிடிச்சிருப்பேன்."

நன்றி சொல்ல வார்த்தை தேடினாள். அதற்குள் அவர் எழுந்து கதவருகே போய்விட்டார். சிரமப்பட்டுக் குனிந்து, அடியில் சொருகியிருந்த ஆய்வேட்டை உருவினார். சட்டைக் கையால் தூசியைத் துடைத்தார். கைப்பிடியைப் பற்றியபடி, குளத்தில் குதிக்கப் போகிறவரைப் போல ஒரு மூச்சை இழுத்துக்கொண்டார்.

கதவைத் தாமே சாத்தினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு கைகளும் மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

"அந்த அறைக்குக் கால் இருக்கும்மா. நம்மளைவிட வேகமா நடக்கும்" என்றார். "பேனாவை எடுத்துக்கோங்க. இருபத்தோராம் நபர்னு போடுங்க... அப்ப எனக்கு வயசு பத்தொன்பது."