மிர்லாவின் தாளம்

எலியேசர் ஏறினால் குதிரை ஒழுங்காக நடக்கிறது. லிபார்டோ ஏறினால் நடை கெடுகிறது.

இத்தனைக்கும் மிர்லா லிபார்டோவின் குதிரை. குட்டியிலிருந்து பத்தொன்பது வருஷமாக அவர் கையால் தின்றது. எலியேசர் யார்? வேலிக்கு அந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரன். அவ்வளவுதான்.

எங்கள் மலை ஊர்களில் குதிரையின் நடையைக் கண்ணால் பார்ப்பது கௌரவக் குறைச்சல். லாயத்துக்கு முன்னால் நீளமாகப் பலகை பதித்திருப்போம். அதன் மேல் குதிரையை நடத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்க வேண்டும். நாலு அடியும் சீராக விழுந்தால் நல்ல குதிரை. மிர்லா அப்படிப்பட்ட குதிரையாகத்தான் இருந்தது, மூன்று மாதம் முன்பு வரை.

லிபார்டோ லாடத்தை இரண்டு தடவை மாற்றினார். பல்லை ராவிப் பார்த்தார். முதுகுக்குச் சாராயம் தேய்த்தார், மிச்சத்தைத் தானும் குடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

“அண்ணே, நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டா?” என்று ஒரு சனிக்கிழமை எலியேசர் கேட்டான்.

ஏறினான். பலகை மேல் டக டக டக டக என்று ஓர் அடி பிசகவில்லை.

“பாத்தியாடி! இந்த நன்றி கெட்ட கழுதைக்கு அவன் மேல காதல்!” என்று மனைவி நொயேமியிடம் கத்தினார் லிபார்டோ.

“ஊர்ல ஒரு பொண்ணும் எனக்கு மசியல அண்ணே. குதிரையாவது மசியட்டுமே,” என்றான் எலியேசர்.

நொயேமி சிரித்துவிட்டாள். லிபார்டோவுக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் அவர் செய்த காரியங்களைச் சொன்னால் வெட்கக்கேடு. எலியேசர் கழற்றி மாட்டியிருந்த சட்டையின் பையை முகர்ந்து பார்த்தார், வெல்லம் கில்லம் கொடுத்து மயக்குகிறானோ என்று. மறுநாள் தன் பை நிறைய வெல்லம் அடைத்துக்கொண்டு போனார். மிர்லா அத்தனையும் தின்றது. ஏறி உட்கார்ந்ததும் பழையபடி தாளம் தப்பியது.

கார்மேல் மாதா திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பதினைந்து வருஷமாக ஊர்வலத்தின் முன்னால் மாதா கொடியோடு போவது லிபார்டோவும் மிர்லாவும்தான். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. மிர்லாதான் முன்னால போகணும்னு சனங்க ஆசைப்படுது. இந்த ஒரு வருஷம் எலியேசர் ஏறட்டுமே?”

குதிரையும் போச்சு, கொடியும் போச்சு.

அவர்கள் படி இறங்கியதும் லிபார்டோ போனை எடுத்தார். வெட்டுக்குப் போகும் குதிரைகளை வாங்குகிற வியாபாரிக்குத்தான். “திங்கக்கிழமை காலைல லாரி அனுப்பு.”

“ஏங்க, உங்களுக்கென்ன பைத்தியமா?” நொயேமி பதறினாள்.

“எனக்கு நடக்காத குதிரை எவனுக்கும் நடக்க வேண்டாம்.”

“பொறாமை புடிச்சு ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லப் பாக்குறீங்களே! கடைசியா ஒரு தடவை டாக்டரம்மாகிட்ட காட்டிட்டாவது செய்யுங்க.”

“காட்டு. லாரி வர்றதுக்குள்ள காட்டு.”

திங்கட்கிழமை லாரிக்கு முன்பே கால்நடை டாக்டர் யானெத் வந்துவிட்டாள். தலைநகரத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எலியேசரும் வேலியைத் தாண்டி வந்து நின்றான்.

டாக்டர் மிர்லாவின் நாலு காலையும் தூக்கிப் பார்த்தாள். முதுகை அமுக்கிப் பார்த்தாள்.

“ஏறுங்க. பலகை மேல நடத்துங்க.”

லிபார்டோ ஏறினார். வழக்கப்படி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். டக டக டக... டக். டக டக டக... டக்.

எலியேசர் ஒரு கண்ணைத் திறந்தான். “என்ன டாக்டரம்மா, முழிச்சுப் பாத்துக்கிட்டே கேக்குறீங்க?”

“எனக்கு உங்களை மாதிரி கேக்கத் தெரியாது. பாக்கத்தான் தெரியும்,” என்றாள் அவள். “இப்ப நீங்க ஏறுங்க.”

எலியேசர் ஏறினான். சத்தம் சீராக விழுந்தது. லிபார்டோ பல்லைக் கடித்தார்.

“குதிரைக்கு ஒரு நோவும் இல்ல,” என்றாள் டாக்டர்.

“அதைத்தான் நானும் சொல்றேன்! கொழுப்பு! துரோகம்!”

“என் ரெண்டு கையையும் கெட்டியாப் பிடிங்க.”

“எதுக்கு?”

“பிடிங்க ஐயா.”

பிடித்தார். அவர் வலது கைப் பிடியில் டாக்டரின் விரல்கள் வெளுத்துப் போயின. இடது கைப் பிடியில் ஒன்றுமே ஆகவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“மூணு மாசமா... மழை ஈரத்துல மரத்துப் போகுது. அதுக்கென்ன இப்ப?”

“ஈரம் இல்லைங்க. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பா இருக்கலாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மனுஷங்க ஆஸ்பத்திரிக்கு,” என்றாள் டாக்டர். “நீங்க சேணத்துல இடது பக்கமா சரியுறீங்க. உங்களுக்கே தெரியல. கண்ணை மூடிக்கிட்டு கேட்ட யாருக்கும் தெரியல. நீங்க விழப் போற ஒவ்வொரு தடவையும் இது நடையை விட்டுட்டு, காலை மாத்தி வச்சு உங்களுக்கு அடியில வந்து நிக்குது. அதான் தாளம் தப்புது.”

நொயேமி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

லிபார்டோ மிர்லாவைப் பார்த்தார். எலியேசரைப் பார்த்தார். அப்போதும் அந்தக் கேள்வியை விட அவருக்கு மனசு வரவில்லை.

“அப்போ... இவன் ஏறினா மட்டும் ஏன் ஒழுங்கா நடக்குது?”

“அவரைத் தாங்கிப் பிடிக்கிற வேலை அதுக்கு இல்லையே,” என்றாள் டாக்டர்.