புதிதாய்ச் சமைப்பவர்களுக்கு

இருபத்தாறு வருஷம் சமைத்துப் போட்ட பெண்டாட்டிக்குக் கல்யாண நாள் பரிசாக எந்த ஆம்பிளையாவது சமையல் புத்தகம் வாங்கித் தருவானா?

தந்திருந்தார், மருந்துக்கடைக்காரர்.

அதுவும் எப்படிப்பட்ட புத்தகம்! அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'புதிதாய்ச் சமைப்பவர்களுக்கு.'

வாழ்த்திவிட்டுப் போகலாமென்று வந்த அக்காக்காரிக்குக் கதவைத் திறந்ததே அந்தப் புத்தகம்தான். தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் தவறிவிடாமல் நடுவில் விரலைக் கொடுத்தபடி நின்றாள்.

"ஏதுடி இது?"

"அவர் கொடுத்தார்க்கா. கல்யாண நாளுக்கு." முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, "அடுப்புல வேலை இருக்கு, உட்காரு" என்று உள்ளே போய்விட்டாள்.

அக்காக்காரி உட்காருகிற ஜாதியா? கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன மாப்பிள்ளை, பரிசெல்லாம் பலமா இருக்கு?"

"வாங்க அண்ணி. ஆமா, ஒரே மாதிரி சாப்பிட்டு அலுத்துப் போச்சு. இனிமே அதுல இருக்கிறபடிதான் செய்யணும்னு சொல்லிட்டேன். ஒரு ஸ்பூன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"இது வீடா, உங்க மருந்துக்கடையா? ஐம்பது பேருக்கு ஒத்தை ஆளா ஆக்கிப் போட்டவ அவ. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அவ கைமணத்தைச் சொல்லிச் சொல்லித் தின்னது யாரு?"

"அதெல்லாம் அப்போ, அண்ணி" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கல்லுளிமங்கன்! மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரிதான் மனுஷர் முகத்தையும் படிப்பார் போல. அக்காக்காரி விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

தங்கை ஒரு ஸ்பூன் உப்பை எடுத்து, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு, புத்தகத்தைக் குனிந்து பார்த்து, சூப்பில் போட்டாள். பிறகு இன்னொரு தடவை புத்தகத்தைப் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு அள்ளிப் போடுறவளுக்கு என்னடி இந்தக் கண்றாவி?"

புத்தகத்தைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தாள் அக்கா.

தங்கை அப்படியே மண்டியிட்டு அதை எடுத்தாள். ஒட்டிக்கொண்ட வெங்காயத் தோலைத் துடைத்தாள்.

"போடாதேக்கா. இது இல்லாட்டி என் மானம் போயிடும்."

"அந்த மனுஷன் உன் மானத்தை வாங்கத்தானேடி இதை வாங்கியிருக்கார்!"

"எனக்கு ருசி தெரியலைக்கா."

"என்னது?"

"காய்ச்சலா கிடந்தேன் இல்லையா, அதுலேருந்து. வாசனையும் இல்லை. எதைத் தின்னாலும் பஞ்சை மெல்ற மாதிரி இருக்கு. உப்பு கூடிப் போச்சா, குறைஞ்சு போச்சா, ஒண்ணும் தெரியறதில்லை. குத்துமதிப்பா போட்டுட்டு அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பேன். அவர் தட்டைக் காலி பண்ணிட்டு எழுந்துடுவார். தண்ணிதான் செம்பு செம்பா குடிப்பார்."

அக்காக்காரியின் குரல் இறங்கிவிட்டது. "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"ஐயையோ, தெரியவே கூடாது! இத்தனை வருஷத்துல அவர் வாயைத் திறந்து என்னைப் பாராட்டினது சாப்பாட்டுக்கு மட்டும்தான். அதுவும் போச்சுன்னா இந்த வீட்டுல நான் யாருக்கா? குத்திக்காட்டத்தான் இதை வாங்கிட்டு வந்தார். குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்புறம் பிரிச்சுப் பார்த்தா, இதை வெச்சு ஒப்பேத்திடலாம்னு தோணிச்சு. அவமானத்துலயும் ஒரு நல்லதுன்னு எடுத்துக்கிட்டேன். நீ சொல்லிடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணிக் கொடுத்தாள். ஆனால், பெண்டாட்டியைக் குளியலறைக்குள் அழவிட்டவரை நாலு கேள்வி கேட்காமல் போவதாக அவள் யாருக்கும் சத்தியம் செய்யவில்லையே!

கூடத்துக்கு வந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, புத்தகம்தான் வாங்கணும்னா ஊர்ல வேற புத்தகமே இல்லையா? பெரிய பெரிய சமையல்காரங்க எழுதினது கடை பூரா அடுக்கியிருக்கான். போயும் போயும் கத்துக்குட்டிகளுக்குப் போட்டதுதான் உங்க கண்ணுல பட்டுதா? அவ மனசு என்ன பாடு படும்னு யோசிச்சீங்களா?"

மருந்துக்கடைக்காரர் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.

"மெதுவா பேசுங்க, அண்ணி. திரிஞ்ச பாலை ஒருநாள் முகம் சுளிக்காம மடமடன்னு குடிச்சா. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். இனிமே ருசி திரும்பி வர்றது கஷ்டம்னுட்டார்."

அக்காக்காரி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. குறை சொல்ற புருஷனாவே இருந்துட்டுப் போறேன்."

மடித்த பேப்பரை மறுபடி எடுத்து விரித்துக்கொண்டார்.

"நீங்க சொல்ற பெரிய ஆளுங்க புத்தகம் எல்லாத்தையும் கடை கடையா ஏறிப் புரட்டிட்டேன், அண்ணி. மத்ததுக்கெல்லாம் கணக்கு இருக்கு, உப்புக்கு மட்டும் 'தேவையான அளவு'ன்னு போட்டிருக்கான். எத்தனை ஸ்பூன்னு சொன்னது இந்த ஒண்ணுதான்."