இருபத்து நாலு மூலை

ஒரு பட்டறையில் மரம் வெட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. கணினி சொல்கிற வழியில் ஓடி வெட்டுவதுதான் அதன் கத்திக்கு வேலை. ஒரு நாள் வட்டமான மேசைப் பலகை கேட்டார்கள். வெட்டி எடுத்துப் பார்த்தால் விளிம்பு முழுக்க மூலை. எண்ணினால் இருபத்து நாலு.

"கத்தி மொண்ணை," என்றார் முதலாளி.

கத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது வேலைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. வரைபடத்தைச் சுமந்து வந்த கணினிக் கோப்பைப் பிடித்துக்கொண்டது.

"ஏம்ப்பா, வட்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வழுக்கிக்கிட்டே சுத்தி வந்திருப்பேனே. இருபத்து நாலு நேர்கோட்டைக் குடுத்துட்டு இப்ப வாயை மூடிக்கிட்டு நிக்கிறியே?"

"நான் என்ன பண்றது அண்ணே? வரைஞ்ச இடத்துலயே வட்டத்தைக் கோடு கோடா நறுக்கித்தான் என் கையில குடுத்தாங்க."

"அதை முதலாளிகிட்ட சொல்லேன்."

"அவர் எங்க கேக்கப் போறார்? திரையில தள்ளி நின்னு பார்த்தா உருண்டையாத்தான் தெரியுது. அவர் அங்கதான் பார்க்கிறார்."

கத்தி பதில் சொல்வதற்குள் அதைக் கழற்றிப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டார்கள். புதுக் கத்தியை மாட்டினார்கள்.

சாயங்காலம் பெட்டியின் மூடி திறந்தது. புதுக் கத்தி பொத்தென்று வந்து விழுந்தது.

"மொண்ணையாம். என்னைப் பார்த்து மொண்ணையாம்," என்று குமுறியது.

"கோப்பு அதேதானே?" என்று கேட்டது பழைய கத்தி.

"அதேதான்."

"அப்படின்னா கொஞ்சம் தள்ளி உட்காரு. நாளைக்கும் ஆள் வரும்."